உடைந்த கொடுப்புப் பல்லைக் காப்பாற்றுவதா, கழற்றிவிட்டு இம்பிளான்ட் வைப்பதா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். வயது 47. கீழ் வலப்பக்கத்து முதலாவது கொடுப்புப் பல்லில் பல வருடங்களுக்கு முன் போட்ட பெரிய வெள்ளி நிற அடைப்பு இருந்தது. போன மாதம் புழுக்கொடியல் கடித்தபோது நாக்குப் பக்கத்துச் சுவர் உடைந்து விழுந்துவிட்டது. இரண்டு இரவு நித்திரை இல்லாத பல்லுக்கொதி, அப்புறம் தானாகவே நின்றுவிட்டது. நகரத்தில் ஒரு பல் டொக்டர் வேர்ச்சிகிச்சை (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து, சுத்தமாக்கி அடைப்பது) செய்து கிரவுன் (பல்லின்மேல் கவிழ்க்கும் உறை) போடலாம் என்கிறார். இன்னொருவர், "அது எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல ஏலாது, கழற்றிவிட்டு இம்பிளான்ட் வையுங்கள்" என்கிறார். (இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டேனியத் திருகாணி, அதன்மேல் கிரவுன் நிற்கும்.) கனடாவில் இருக்கும் அண்ணன் இம்பிளான்ட்டுக்குக் காசு தரத் தயார், ஆவணியில் ஒரு மாதம் வரும்போது தானும் ஒன்று வைத்துக்கொண்டு போக யோசிக்கிறார். ரீச்சருக்குச் சீனி வருத்தம் உண்டு. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.2. என்ன செய்வது?

ரீச்சர், என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். அதற்காக உடனே வேர்ச்சிகிச்சைக்கு நாள் குறிக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய அடைப்பை முழுக்க எடுத்து, சூத்தையைச் சுரண்டிச் சுத்தமாக்கி, மிச்சம் எவ்வளவு நல்ல பல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடைப்பு உள்ளே இருக்கும்போது எட்டிப் பார்த்துச் சொல்வது எல்லாம் ஊகம்தான், சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும். அரைமணித்தியால வேலை. அதற்குள் உங்கள் இரண்டு டொக்டர்மாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடக்கூடும்.

முதலில் அந்த வலி நின்ற விஷயம். நின்றது நல்லது என்று நினைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். உண்மையில், இரண்டு இரவு விடாமல் குத்திய பல் மருந்தில்லாமல் அடங்கிப்போனால் பெரும்பாலும் உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது என்றுதான் அர்த்தம். குளிரான பஞ்சை வைத்துப் பார்க்கும் சோதனையில் பக்கத்துப் பல் கூசி, இந்தப் பல் ஒன்றும் உணராவிட்டால் அது அநேகமாக உறுதி. செத்த நரம்பு கிருமிக்குச் சாப்பாடு. அது மெதுவாக வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். எக்ஸ்ரேயில் கறுப்பு நிழலாகத் தெரிவதற்கு எலும்பின் கனிமத்தில் கணிசமான பங்கு கரைந்திருக்க வேண்டும், ஆகையால் "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்பதை வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றில் வேர்ச்சிகிச்சை, இல்லாவிட்டால் கழற்றுவது. சும்மா மேலால் அடைத்துவிட்டு வைத்திருப்பது இந்தப் பல்லுக்கு இனிச் சரிவராது.

சரி, அடைப்பை எடுத்த பிறகு எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது முரசுக்கு மேலே நிற்கும் சுவரின் உயரத்தை. உலக்கை பிளக்காமல் இருக்க நுனியில் பூண் போடுவார்களே, கிரவுன் செய்யும் வேலையும் அதுதான். பூண் பிடிக்க மரம் வேண்டும். அதேபோல, கிரவுன் சுற்றிப் பிடிக்க முரசுக்கு மேலே ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு நல்ல, கெட்டியான பல் சுற்றிவர இருக்க வேண்டும். அடைப்பு மருந்தை வைத்துக் கட்டியெழுப்பிய பகுதி இந்தக் கணக்கில் சேராது. சொந்தப் பல்லாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் குறைந்தாலும் மற்ற மூன்று பக்கமும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சுற்றிவர ஒன்றுமே இல்லாமல், வேருக்குள் கம்பி இறக்கி அதன்மேல் கிரவுனை நிறுத்தினால் சில வருடத்தில் கிரவுன் கம்பியோடு கழன்று வரும், அல்லது வேர் பிளக்கும். வேர்ச்சிகிச்சைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பவை முக்கியமாக இப்படிப்பட்ட பற்கள்தான். குற்றம் வேர்ச்சிகிச்சையில் இல்லை, அதைச் செய்யப் பல்லைத் தெரிவு செய்த விதத்தில்.

உங்களுக்கு உடைந்தது நாக்குப் பக்கம். உடைவு முரசுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது கேள்வி. கொஞ்சம் இறங்கியிருந்தால் முரசையும் தேவைப்பட்டால் விளிம்பு எலும்பையும் சிறிதளவு வெட்டி, பல்லை வெளியே காட்டும் சின்ன ஒபரேஷன் உண்டு. விறைக்க ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். எலும்பு விளிம்பையும் தாண்டி ஆழமாகப் போயிருந்தால் அதைச் செய்து பயன் இல்லை. கீழ்க் கொடுப்புப் பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர். அவை பிரியும் இடம் வரை எலும்பை வெட்டினால் அதற்குள் சாப்பாடு சிக்கி, வேறொரு வழியால் பல் போகும்.

இரண்டாவது, வெடிப்பு. இதில்தான் அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் எக்ஸ்ரேயில் இது அநேகமாகத் தெரியாது. அடைப்பை எடுத்த பிறகு பள்ளத்தின் அடியில் முன்னிருந்து பின்னாகக் கோடு ஒன்று ஓடுகிறதா என்று நீலச் சாயம் தடவியும் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தும் பார்ப்பார்கள். ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியாகக் கடிக்க வைத்து, கடியை விடும்போது சுளீரென்று இழுக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அப்புறம் அளவு போட்ட மெல்லிய கம்பியால் பல்லைச் சுற்றி முரசுக்குள் அளந்து வருவார்கள். சுற்றிவர 2, 3 மில்லிமீற்றர் என்று வந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று 8, 9 என்று ஊசி இறங்குவது போல ஒடுக்கமாக இறங்கினால் வேர் பிளந்திருக்கக்கூடும். வேர் நீளவாக்கில் பிளந்த பல்லை ஒட்டவைக்க இன்றுவரை நம்பக்கூடிய வழி இல்லை. அப்படியென்றால் இரண்டாவது டொக்டர் சொன்னதுதான் சரி. வீண்செலவு செய்யாமல் கழற்றிவிடலாம். வெடிப்பு மேல்பகுதியோடு நின்றிருந்தால் கிரவுன் அதை இறுக்கிப் பிடித்துப் பல வருடம் ஓட்டும்.

மூன்றாவது, முரசும் எலும்பும். பல் ஆடுகிறதா, எலும்பு வற்றிப்போய் வேர்கள் பாதிக்கு மேல் வெளியே நிற்கின்றனவா? சீனி வருத்தக்காரருக்கு இதை விசேஷமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியில் ஆட்டம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே அது நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த மூன்றிலும் பல் தேறினால் என் சொல் காப்பாற்றுங்கள் என்பதுதான். "எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல ஏலாது" என்ற பேச்சு இம்பிளான்ட்டுக்கும் அப்படியே பொருந்தும். அமெரிக்காவில் காப்புறுதிப் பதிவுகளை வைத்து 14 லட்சத்துக்கும் அதிகமான வேர்ச்சிகிச்சைப் பற்களைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், 8 வருடத்துக்குப் பிறகு 97 சதவீதமானவை வாயில் இருந்தன. கழற்ற நேர்ந்த பற்களில் 85 சதவீதமானவை முழுக் கிரவுன் போடாதவை. இம்பிளான்ட் ஆய்வுகளில் 10 வருடக் கணக்கு 90 முதல் 95 சதவீதம் என்ற அளவில் வருகிறது. வருடங்களும் வேறு, அளந்த முறையும் வேறு, ஆகையால் இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் வைத்து ஒன்று வென்றது என்று சொல்லமாட்டேன். நல்ல பல்லுக்கு நன்றாகச் செய்த வேர்ச்சிகிச்சையும் நல்ல எலும்பில் நன்றாக வைத்த இம்பிளான்ட்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிலைக்கின்றன என்பதுதான் நேர்மையான வாசிப்பு.

இதில் விளம்பரங்களில் நடக்கும் ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். இம்பிளான்ட்டுக்கு "98 சதவீத வெற்றி" என்று போடுவார்கள். அங்கே வெற்றி என்றால் திருகாணி இன்னும் வாயில் இருக்கிறது, அவ்வளவுதான். சுற்றிவர முரசு வீங்கி இரத்தம் கசிந்தாலும், எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் அது வெற்றிக் கணக்கில்தான். வேர்ச்சிகிச்சைக்கோ பழைய ஆய்வுகள் போட்ட அளவுகோல் கடுமையானது: எக்ஸ்ரேயில் நிழல் முழுக்க மறைந்திருக்க வேண்டும். வலியில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவரின் பல்லும் சின்ன நிழல் மிச்சம் இருந்தால் தோல்வி என்று எண்ணப்படும். இப்படி இரண்டு விதமாக எண்ணிவிட்டுப் பக்கத்தில் வைத்தால் எது பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு நான் சொல்லத் தேவையில்லை. (நீங்கள் என்ன பாடம் என்று எழுதவில்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

வேர்ச்சிகிச்சை எங்கே செய்கிறீர்கள் என்பதை விட எப்படிச் செய்கிறார்கள் என்பது முக்கியம். கீழ் முதலாவது கொடுப்புப் பல்லுக்கு வேர் இரண்டு என்றாலும் அவற்றுக்குள் ஓடும் கால்வாய்கள் பொதுவாக மூன்று அல்லது நான்கு. ஒன்றைத் தவறவிட்டால் அதற்குள் இருக்கும் கிருமி பிறகு வேலையைக் காட்டும். வேலை நடக்கும்போது பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் இறப்பர் விரிப்பைப் போடுகிறாரா என்று பாருங்கள். எச்சில் உள்ளே போகாமல் இருக்கவும், உள்ளே கழுவும் மருந்து தொண்டைக்குள் போகாமல் இருக்கவும் அது வேண்டும். அந்த மருந்து கிட்டத்தட்ட நாம் உடுப்பு வெளுக்கப் பாவிக்கும் குளோரின் திரவத்தின் இனம்தான். அதைத் தாராளமாகப் பாவித்துக் கழுவுவதில்தான் கிருமி சாகிறது, அரத்தால் தேய்ப்பதில் மட்டும் இல்லை. கடைசியில் அடைப்பது குட்டாப்பேர்ச்சா, மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலில் இருந்து வரும் பொருள். ஒரே தடவையில் முடிப்பதா இரண்டு மூன்று தடவை வர வேண்டுமா என்பது டொக்டரின் தீர்மானம். அதை வைத்து அவரை எடை போடாதீர்கள்.

பிறகு கிரவுன். வேர்ச்சிகிச்சை முடிந்து வலி இல்லை என்றவுடன் கிரவுனைத் தள்ளிப்போடுவது நம் சனத்திடம் மிகச் சாதாரணம். பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கூரை, தைப்பொங்கல் என்று ஏதாவது வந்துவிடும். கிரவுன் போடாத வேர்ச்சிகிச்சைப் பற்கள் போட்டவற்றை விட ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக இழக்கப்படுகின்றன என்று 2002இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு சுவர் ஏற்கெனவே போன உங்கள் பல்லுக்குக் கிரவுன் இல்லாத வேர்ச்சிகிச்சை அரைவேலை. இரண்டுக்கும் சேர்த்துக் காசு கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். அண்ணன் தரும் பணத்தை இங்கே பாவிக்கலாம், அவர் கோபிக்க மாட்டார்.

இனி இம்பிளான்ட்டைப் பற்றி. அதற்கு நான் எதிரி அல்ல. சுவீடனைச் சேர்ந்த பிரோனேமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1952இல் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைத் திருப்பி எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதை விடாமல் பிடித்திருந்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்றைய இம்பிளான்ட். 1965இல் முதல் முதலாக வைத்துக்கொண்ட நோயாளி சுமார் 40 வருடம் கழித்து இறக்கும் வரை அவற்றோடுதான் சாப்பிட்டார். பல் இல்லாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பல் இருப்பவருக்கு அதைக் கழற்றிவிட்டு இதை வைப்பது என்பது வேறு கதை.

என்ன வேறுபாடு என்றால், இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டி இருப்பதில்லை. சுமார் 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நார்ப்படை இடையில் இருக்கிறது. சோற்றுக்குள் மணல் கடிபட்டால் அந்தக் கணமே தாடை நிற்பது அந்தப் படையில் உள்ள நரம்புகளால்தான். நரம்பை எடுத்த பல்லிலும் அந்த உணர்வு அப்படியே இருக்கும், ஏனென்றால் வேர்ச்சிகிச்சையில் எடுப்பது பல்லுக்கு உள்ளே இருக்கும் நரம்பை மட்டும். இம்பிளான்ட்டில் அந்தப் படை இல்லை. எலும்போடு நேராக ஒட்டி நிற்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது மங்கலாகத்தான் தெரியும். நித்திரையில் பல் நறநறவென்று கடிப்பவர்கள், கொட்டைப் பாக்கு மெல்பவர்கள் கிரவுனின் பீங்கானைச் சில்லாக்குவதும் உள்ளே கிரவுனைப் பிடிக்கும் சின்னத் திருகாணியைத் தளர்த்துவதும் இதனால்தான். புழுக்கொடியல் இரண்டு பேருக்குமே இனி வேண்டாம், வேர்ச்சிகிச்சைக்காரருக்கும் இம்பிளான்ட்காரருக்கும். இடித்து மாவாக்கிச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று, "இம்பிளான்ட்டில் சூத்தை வராது" என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள முரசுக்கும் எலும்புக்கும் நோய் வரும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இம்பிளான்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எலும்பு கரையும் அளவுக்கு அந்த அழற்சி வருகிறது. சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், முன்பே முரசு நோய் இருந்தவர்களுக்கும், சீனி கட்டுப்படாதவர்களுக்கும் கூடுதலாக. சிகிச்சை உண்டு, ஆனால் பல்லைச் சுற்றிய முரசு நோயைப் போல இலகுவாகப் பிடிகொடுக்காது.

உங்களுடைய 8.2 இங்கேதான் குறுக்கே நிற்கிறது. வேர்ச்சிகிச்சையை இந்தச் சீனியோடும் செய்யலாம், செய்யவும் வேண்டும், ஏனென்றால் உடம்பில் எங்காவது கிருமி குடியிருந்தால் சீனி இறங்க மறுக்கும். இம்பிளான்ட் என்றால் 7க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு வாருங்கள் என்றுதான் பொறுப்பான டொக்டர் சொல்வார். அதுவும் சில மாத வேலை. எலும்பு தேய்வுக்கு மாதமொரு தடவை, வாரமொரு தடவை என்று மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் பல்லைக் கழற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வரக்கூடாது.

காலக்கணக்கையும் பாருங்கள். கீழ்த் தாடையில் சீழ் பிடித்த கொடுப்புப் பல்லைக் கழற்றினால் குழி ஆற இரண்டு மூன்று மாதம் விடுவது வழக்கம். பிறகு ஸ்கேன் எடுத்து, தாடைக்குள் ஓடும் பெரிய நரம்புக்கும் திருகாணி நுனிக்கும் 2 மில்லிமீற்றராவது இடைவெளி இருக்குமா என்று பார்த்து, வைப்பார்கள். அந்த நரம்பில் பட்டால் கீழ் உதடும் நாடியும் விறைத்தபடியே இருந்துவிடலாம். வைத்த பிறகு எலும்பு பிடிக்க மூன்று நான்கு மாதம். அதன்பின் கிரவுன். ஆகக் குறைந்தது அரை வருடம். இதற்கிடையில் எலும்பு சும்மா இருக்காது. பல் போன இடத்தில் முதல் ஒரு வருடத்தில் தாடை விளிம்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். சிலருக்கு எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டிவரும், அது தனிச் செலவு. கழற்றிய அன்றே இம்பிளான்ட் வைக்கும் முறையும் உண்டு, முன்பற்களுக்கு நான் அதை ஒத்துக்கொள்வேன். சீழ் பிடித்த கொடுப்புப் பல்லின் குழிக்குள், 8.2 சீனியோடு, அதை நான் என் வீட்டாருக்குச் செய்ய விடமாட்டேன்.

அண்ணனின் ஒரு மாத விடுமுறைக் கதைக்கும் இதுவே பதில். ஆவணியில் கோணேசர் கோயிலும் நிலாவெளிக் கடலும் பார்த்துவிட்டு முழு இம்பிளான்ட்டோடு விமானம் ஏறுவது சாதாரணமாக நடக்காது. இரண்டு வருகையாகப் பிரித்தால் நடக்கும்: ஒரு வருகையில் திருகாணி, அடுத்த வருகையில் கிரவுன். கனடாவில் இருக்கும் அவருடைய பல் டொக்டர் வேறொருவர் வைத்த இம்பிளான்ட்டைத் தொடுவாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த விஷயம் திருகோணமலையில் இருக்கும் நமக்கும் பொருந்தும். இங்கே இம்பிளான்ட் வைப்பவர்களில் வெளியூரில் இருந்து வார இறுதியில் வந்து போகிற டொக்டர்மாரும் உண்டு. திறமைசாலிகளாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சின்னத் திருகாணி தளர்ந்து கிரவுன் ஆடினால் யாரிடம் போவீர்கள்? ஒவ்வொரு கொம்பனியின் திருகாணிக்கும் அதற்கேற்ற சாவி, அதற்கேற்ற உதிரிப்பாகம். கொம்பனியின் பெயர், விட்டம், நீளம், தொகுதி இலக்கம் எழுதிய அட்டை ஒன்றை வைப்பவர் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்கி அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். அது இல்லாமல் வருகிறவரின் வாயில் இருப்பது எந்தக் கொம்பனி என்று எக்ஸ்ரேயை வைத்து ஊகிப்பது பெரிய தலையிடி. வேர்ச்சிகிச்சைப் பல்லில் பிரச்சினை வந்தால் ஊரில் எந்தப் பல் டொக்டரும் கை வைப்பார்.

செலவைப் பொறுத்தவரை இலக்கம் சொல்லி உங்களைப் பிழையாக வழிநடத்த விரும்பவில்லை, டொலர் ஏற இறங்க விலைகளும் ஆடுகின்றன. பொதுவாக, தனியாரிடம் ஒரு இம்பிளான்ட்டும் அதன் கிரவுனும் லட்சக் கணக்கில் வரும். வேர்ச்சிகிச்சையும் கிரவுனும் சேர்ந்தாலும் அதைவிட நன்றாகக் குறைவு. நகரத்து மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டினால் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் காசில்லை, அங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலைக்கோ கடிதம் எடுக்கலாம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ்ஸில் கண்டிப் பக்கம் போய்வருவது ஒரு முழுநாள் வேலை, வரிசையும் நீளம். ஆனாலும் சிக்கலான பல்லுக்கு அந்த அலைச்சல் பெறுமதியானது. கிரவுன் போடுவதை மட்டும் இங்கே ஊரில் செய்துகொள்ளலாம்.

இரண்டும் இல்லாத வழிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துப் பற்கள் இரண்டையும் சீவி அவற்றின்மேல் நிற்கும் பிரிட்ஜ் போடலாம். பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே கிரவுன் தேவைப்பட்டால் நல்லது, ஒரு குறையும் இல்லாத பற்களாக இருந்தால் சீவ மனம் வராது. கழற்றி மாட்டும் கட்டுப்பல் மலிவு. ஒற்றைக் கொடுப்புப் பல்லுக்கு அதை வைத்துக்கொடுத்தால் பலர் அலுமாரியில்தான் வைத்திருப்பார்கள். ஒன்றும் வைக்காமல் விடுவதும் ஒரு வழிதான். கடைசிக் கொடுப்புப் பல்லாக இருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுடையது நடுவில் நிற்கும், அதிகம் மெல்லும் பல். அந்த இடம் வெறுமையாக இருந்தால் பின்பல் முன்னுக்குச் சரியும், மேல்பல் கீழே இறங்கும்.

உங்கள் நிலைமையில் காப்பாற்றுவதை முதலில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. வேர்ச்சிகிச்சை செய்து பத்து வருடம் கழித்துப் பல் போனாலும் அப்போது இம்பிளான்ட் வைக்கலாம், உங்கள் எலும்பும் அதுவரை அப்படியே இருக்கும், சீனியையும் அதற்குள் சரிப்படுத்தியிருப்பீர்கள். கழற்றிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. முதல் தடவை செய்த வேர்ச்சிகிச்சை சரிவராவிட்டால் திறந்து மறுபடி செய்யலாம், வேர் நுனியை வெட்டி அடைக்கும் ஒபரேஷனும் இருக்கிறது.

இரண்டு டொக்டரிடமும் போய் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். அடைப்பை எடுத்துப் பார்த்த பிறகு முரசுக்கு மேலே எத்தனை மில்லிமீற்றர் பல் மிச்சம்? வெடிப்பு இருக்கிறதா, எங்கே நிற்கிறது? சுற்றிவர அளந்ததில் எங்காவது ஆழமாக இறங்குகிறதா? இது உங்கள் மனைவியின் பல்லாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு முகத்தில் வரும் பதிலைப் பாருங்கள், வாயால் சொல்வதை விட அது பிரயோசனமானது. அளவு சொல்லாமல், "இதெல்லாம் நிற்காது ரீச்சர்" என்று மட்டும் சொல்பவரிடம் கழற்றக் கொடுக்காதீர்கள். அளவு சொல்லாமல், "செய்யலாம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பவரிடமும் வேர்ச்சிகிச்சைக்கு உட்காராதீர்கள்.

அதுவரை அந்தப் பக்கத்தால் மெல்ல வேண்டாம், மிச்சச் சுவரும் உடைந்தால் இவ்வளவு பேச்சும் வீணாகிவிடும். தற்காலிக அடைப்பு ஒன்றை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைப்பது நோவைக் கொஞ்சம் ஆற்றும், கிருமியைப் போக்காது. மிச்சம் இருக்கும் பழைய அமொக்சிசிலினை எடுத்து விழுங்காதீர்கள், செத்த நரம்புக்குள் இரத்தம் ஓடாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. ஆனால் தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்க அல்லது விழுங்கக் கஷ்டமாக இருந்தால் கிளினிக் திறக்கும் மட்டும் காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், சீனி வருத்தம் இருக்கிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.